இன்றைக்குரிய மன்னா



இந்த மாதத்திற்கு வேறொரு செய்தியை எழுதித் தயாராக வைத்திருந்தேன். அதை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். காரணம், நம்முடைய சபையில் ஒரு தாயார் என்னிடத்தில் கேட்ட கேள்வி.

ஞாயிறு ஆராதனை முடிந்து வாலிபத் தம்பிகள் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் போன பிறகும் அந்தத் தாயார் மட்டும் சுவர் ஓரமாய் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் புருஷன் மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் படுக்கையாய்க் கிடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். நாம் எல்லாரும் அவருக்காக உபவாசித்தோம். 21 நாள் சங்கிலி ஜெபம் நடத்தினோம். நான் போய் எண்ணெய் பூசி ஜெபித்தேன். ஆனாலும் கர்த்தர் அவரைத் தம்மிடம் எடுத்துக்கொண்டார்.

"ஐயா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கம்மா."

"எவ்வளவு ஜெபிச்சோம்! அவர் போயிட்டார். அடக்கத்தன்னிக்கே நம்ம சபை ஆளு ஒருத்தர் வந்து, 'விசுவாசத்துல எங்கேயோ குறை இருந்திருக்கும்மா'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. இப்பவும் விடியக்காலையில முழங்கால்ல நிக்கிறேன் ஐயா. வாய் வரமாட்டேங்குது. நான் என்னன்னு ஜெபிக்கிறது? இனிமே எதை நம்பி ஜெபிக்கிறது?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. இருபத்தைந்து வருஷமாய்ப் பிரசங்க பீடத்தில் நிற்கிறவன், விசுவாசத்தைக் குறித்து எத்தனையோ செய்தி கொடுத்தவன், ஒரு விதவையின் முன்பாக வாயடைத்து நின்றேன். "ஜெபிக்கிறேன்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. இரண்டு மணிக்கு எழுந்து வேதத்தைத் திறந்தேன். திறந்த இடம் யாத்திராகமம் 16-ம் அதிகாரம். தற்செயலாய் அல்ல, அது என்னுடைய அன்றாட வாசிப்பில் அடுத்ததாக இருந்த அதிகாரம். அவ்வளவுதான்.

பாருங்க, நாற்பது வருஷம் வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்களைக் கர்த்தர் எப்படிப் போஷித்தார்? ஒரு வருஷத்துக்கு வேண்டிய தானியத்தை மொத்தமாய்க் கொட்டிக் கொடுக்க அவருக்குக் கூடாதா? எகிப்திலே யோசேப்பின் கையால் ஏழு வருஷத் தானியத்தைச் சேர்த்து வைத்தவர்தானே! ஆனால் வனாந்தரத்தில் அப்படிச் செய்யவில்லை. தலைக்கு ஒரு ஓமர். ஒரு நாளைக்கு ஒரு ஓமர். கொத்துமல்லி விதை போல சின்னஞ்சிறியது, பனி மாறின பிறகு தரையில் கிடக்கும், வெயில் ஏறினால் உருகிப்போகும். நாளைக்கும் இருக்கட்டும் என்று புத்திசாலித்தனமாய் எடுத்து வைத்தவன் வீட்டில் மறுநாள் காலை என்ன இருந்தது? புழுவும் நாற்றமும்.

இதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் அன்று ராத்திரிதான் ஒரு காரியம் என் இருதயத்தில் குத்திற்று. கர்த்தர் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது சாப்பாட்டை அல்ல, காலையை. ஒவ்வொரு நாளும் ராத்திரி அவர்கள் வெறும் பாத்திரத்தோடுதான் படுத்தார்கள். கூடாரத்தில் ஒரு பிடி மாவு மீதியில்லை. பிள்ளைகள் தூங்குகிறார்கள். "காலையில் அவர் கொடுப்பார்" என்கிற ஒரே ஒரு நம்பிக்கையோடு தகப்பன் கண்ணை மூட வேண்டும். ஓய்வுநாளுக்கு முந்தின நாளைத் தவிர, நாற்பது வருஷமும் இதே கதை. உபாகமம் 8-ம் அதிகாரத்தில் மோசே திரும்பிப் பார்த்து, அந்தப் பசியும் அந்த மன்னாவும் ஒரு பாடசாலை என்று விளக்குகிறான்.

நாமோ விசுவாசத்தைச் சேமித்து வைக்கப் பார்க்கிறோம். போன வருஷம் கன்வென்ஷனில் பெற்ற அபிஷேகம் இந்த வருஷத்துக்குப் போதும் என்று நினைக்கிறோம். 'அன்னிக்கு ஆண்டவர் என்னோட பேசினார் பாருங்க' என்று சாட்சி சொல்லுகிறோம். நல்லதுதான், சாட்சி வேண்டும். ஆனால் சாட்சி வேறு, ஆகாரம் வேறு. நேற்றைய மன்னாவைப் பற்றிப் பேசலாம், அதைத் தின்ன முடியாது. நம் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி வந்ததிலிருந்து இந்த அதிகாரம் நமக்குப் புரிவது கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது என்று நான் வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு. மூன்று நாள் குழம்பைச் சுட வைத்துச் சாப்பிடுகிற நமக்கு, அன்றன்றைக்கு என்பது என்னவென்று தெரியவில்லை!

ஆண்டவராகிய இயேசுவும் சீஷர்களுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தபோது அப்பத்தை மாதக் கணக்கில் கேட்கச் சொல்லவில்லை. இன்றைக்கு வேண்டியதை இன்றைக்குக் கேட்கச் சொன்னார். நாளையக் கவலையை நாளைக்கே விட்டுவிடச் சொன்னார். ஆகவே நாளைக்கு வேண்டிய விசுவாசம் இன்றைக்கு உங்களிடத்தில் இல்லையென்றால் திகைக்காதிருங்கள். அது நாளைக்குத்தான் வரும். அந்தத் தாயார், "இனிமே எதை நம்பி" என்று கேட்டார்கள். 'இனிமே' என்பது பெரிய வார்த்தை. இன்னும் இருபது முப்பது வருஷத்தின் பாரம் அதில் இருக்கிறது. அவ்வளவையும் சுமக்கிற பெலன் எவருக்கும் ஒரே காலையில் கொடுக்கப்படுவதில்லை.

இதை ஜீவியத்தில் செய்து பார்த்த ஒரு தேவமனிதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜார்ஜ் முல்லர். பால் வண்டி உடைந்து அநாதைப் பிள்ளைகளுக்குப் பால் கிடைத்த சம்பவத்தை எல்லாப் பிரசங்கிமாரும் சொல்லுகிறோம், அதனால் அதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அதைக் கேட்டவர்கள் எல்லாம் முல்லர் ஏதோ பிறவியிலேயே பரிசுத்தவான் என்று நினைத்துக்கொள்ளுகிறார்கள். இல்லவே இல்லை. 1805-ம் ஆண்டு பிரஷ்யா தேசத்தில் பிறந்த அவர், பத்து வயதாகும் முன்னே தகப்பன் கையில் இருந்த அரசாங்கப் பணத்தைத் திருடினவர். 16 வயதில் சத்திரத்தில் தங்கிவிட்டுக் கூலி கொடுக்காமல் ஓடி, சிறைக்குப் போனவர். 1825-ல் ஒரு வீட்டில் நடந்த சின்னஞ்சிறு ஜெபக்கூட்டத்தில் ஒருவர் முழங்காற்படியிட்டு ஜெபிக்கிறதைக் கண்டார். மனுஷன் முழங்காலில் நிற்கிறதை அதற்கு முன் அவர் கண்டதேயில்லையாம்! அங்கேதான் ஆண்டவர் அவரைத் தொட்டார். அல்லேலூயா! நம்முடைய வீட்டுக் கூட்டங்களில் நாலு பேர்தான் வருகிறார்கள் என்று சோர்ந்துபோகிற சகோதரர்கள் இதைக் கவனிக்கட்டும்.

பிறகு அவர் இங்கிலாந்துக்குப் போய் ஊழியம் செய்தார். 1830-ல் ஊழியத்துக்கான நிரந்தரச் சம்பளத்தை விட்டுவிட்டார். 1836-ல் பிரிஸ்டல் பட்டணத்தில் வில்சன் தெருவில் அநாதைப் பிள்ளைகளுக்கு வீடு திறந்தார். எதற்காகத் திறந்தார் தெரியுமா? பிள்ளைகள்மேல் இரக்கம் உண்டு, அது இரண்டாவது காரணம். முதல் காரணத்தை அவரே எழுதி வைத்திருக்கிறார். ஒரு சகோதரனைச் சந்திக்கப் போனாராம். அந்த மனுஷன் நாள் ஒன்றுக்கு 14 மணி, 16 மணி நேரம் வேலை செய்கிறவர். உடம்பும் போயிற்று, ஆத்துமாவும் வறண்டு போயிற்று. முல்லர், வேலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வேதம் வாசிக்கவும் ஜெபிக்கவும் நேரம் ஒதுக்குங்கள் என்றார். குறைத்தால் குடும்பத்துக்கு வருமானம் போதாதே என்று அவர் பதில் சொன்னார். ஜீவனுள்ள தேவன் தன்னைப் போஷிப்பார் என்று அந்த விசுவாசிக்கு நம்ப முடியவில்லை. இப்படிப்பட்டவர்கள் கண்ணால் பார்க்கும்படி ஒரு சாட்சி வேண்டும், ஜெபத்தினால் மாத்திரம் நடக்கிற ஒரு வீடு வேண்டும் என்று அவர் பாரப்பட்டார். அந்த வீடுதான் இது.

நம்மில் எத்தனை பேர் அந்தப் பதினாறு மணி நேரச் சகோதரனாக இருக்கிறோம்! கம்பெனியில் இரண்டு ஷிப்டு போடுகிற தம்பி, விடியுமுன்னே இட்லிக்கடை அடுப்பு மூட்டுகிற அக்கா, பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறுகிற சகோதரி. இவர்களைச் சோம்பேறிகள் என்று நான் சொல்லமாட்டேன், யாராவது சொன்னால் அவர்களோடு சண்டைக்குப் போவேன். ஆனாலும் கண் விழித்ததும் கை முதலில் எதைத் தேடுகிறது? தலைமாட்டில் இருக்கிற போனைத்தான். பத்து நிமிஷம் அதில் போய்விடுகிறது. அந்தப் பத்து நிமிஷம் ஒரு ஓமர்.

முல்லருடைய வீட்டுக்கு எப்போதும் தாராளம் இருந்தது என்று நினைக்காதிருங்கள். 1838-ம் ஆண்டு தொடங்கிச் சில வருஷங்கள் அவருடைய நாட்குறிப்பை வாசித்தால் நமக்கே மூச்சு முட்டும். காலையில் கையில் ஒன்றுமில்லை. உடன் ஊழியரைக் கூட்டி ஜெபிக்கிறார்கள். மத்தியானத்துக்குக் கொஞ்சம் வருகிறது. அடுத்த நாள் காலை மறுபடியும் ஒன்றுமில்லை. ஊரில் யாரிடமும் தேவையைச் சொல்லவில்லை, கடன் வாங்கவில்லை. இப்படி நாள் நாளாய், வாரம் வாரமாய், ஓமர் ஓமராய். அவர் காலமெல்லாம் பத்தாயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகள் அந்த வீடுகளில் வளர்ந்தார்கள். 1870-க்குள் ஆஷ்லி டவுன் என்ற இடத்தில் ஐந்து பெரிய கட்டடங்கள் எழும்பின. கட்டடத்தைப் பார்த்துப் பிரமிக்கிறோம். அவர் அதைப் பெற்றது ஒரு காலைக்கு ஒரு காலையாக.

இப்போது அந்தத் தாயாருடைய கேள்விக்கு வருகிறேன். வாய் வராதபோது எப்படி ஜெபிக்கிறது?

இதே கஷ்டம் முல்லருக்கும் இருந்திருக்கிறது! பத்து வருஷத்துக்கு மேலாக அவருடைய வழக்கம் என்னவென்றால், காலையில் எழுந்து உடுத்தினவுடனே முழங்காலில் நின்று ஜெபிக்க ஆரம்பிப்பது. கால் மணி நேரம், அரை மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரமும் மனம் அங்கும் இங்கும் அலைந்து, அதற்குப் பிறகுதான் உள்ளபடி ஜெபிக்கத் தொடங்கினதாக அவரே ஒத்துக்கொள்ளுகிறார். அப்பா, இதை வாசித்தபோது எனக்கு எவ்வளவு ஆறுதல்! 1841-ம் ஆண்டில் ஆண்டவர் அவருக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். காலையில் முதல் வேலை ஊழியம் அல்ல, மற்றவர்களுக்குப் பிரசங்கத்துக்கு வசனம் தேடுவதும் அல்ல, தன் ஆத்துமா கர்த்தருக்குள் மகிழ்ச்சியாய் இருக்கும்படி அதற்கு ஆகாரம் கொடுப்பது. அதற்குப் பிறகு அவர் முதலில் வேதத்தைத் திறந்து, மெதுவாக, ஒவ்வொரு வசனமாகத் தியானித்தார். தியானிக்கத் தியானிக்க அது தானாக ஜெபமாய் மாறிற்று. ஒரு வசனம் பாவ அறிக்கையாகும், இன்னொன்று ஸ்தோத்திரமாகும், வேறொன்று மற்றவர்களுக்காக வேண்டுதலாகும். ஜெபத்தோடு ஆரம்பிக்காமல் ஜெபத்தில் போய்ச் சேர்ந்தார். இவ்வளவு எளிமையான காரியம் ஏன் எனக்கு முன்னமே தெரியாமல் போயிற்று என்று ஆச்சரியப்பட்டார்.

நம் பெந்தெகொஸ்தே சபைகளில் நமக்குச் சத்தமாய் ஜெபிக்கத் தெரியும். கை தட்டத் தெரியும். தேவனுக்கு மகிமை, அதை நாம் விட்டுவிட வேண்டாம். ஆனால் சும்மா இருந்து ஒரு வசனத்தை மெல்லத் தெரியுமா? பசு புல்லை மேய்ந்த பிறகு நிழலில் படுத்து அசைபோடுகிறதே, அப்படி? இதில் நாம் பலவீனர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன்.

ஒரு உதாரணம் சொல்லுகிறேன். 13-ம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம்தான். அதில் தாவீது ஆரம்பத்திலேயே, எதுவரைக்கும் என்று நாலு தரம் கேட்கிறான். அங்கேயே நில்லுங்கள். மேலே ஓடவேண்டாம். தேவனிடத்தில் இப்படிக் கேட்கலாமா? தாவீது கேட்டிருக்கிறானே! கேட்டது மாத்திரம் அல்ல, அதைப் பரிசுத்தாவியானவர் வேதத்தில் எழுதி வைத்து, பாட்டாகப் பாடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அப்படியானால் என் கேள்விக்கும் தேவ சமுகத்தில் இடம் உண்டு. இதை யோசிக்கிறபோதே, 'ஆண்டவரே, எதுவரைக்கும்?' என்று உங்கள் வாய் திறந்துவிடும். அதுவே ஜெபம். நீங்களாக ஒன்றும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. வசனம் உங்களுக்கு வாயைக் கொடுத்தது. கடைசியில் தாவீது தேவனுடைய கிருபையை நம்புகிறதாகச் சொல்லி முடிக்கிறான். உங்களால் இன்றைக்கு அதுவரை வர முடியவில்லையா? பரவாயில்லை. முதல் இரண்டு வசனத்தோடு நிறுத்துங்கள். நாளைக்கும் அதே சங்கீதம் அங்கேயே இருக்கும்.

இங்கே என் வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊழியத்தின் ஆரம்ப நாட்களில் நாங்கள் வாடகை வீட்டில் இருந்தோம். மூன்று மாத வாடகை பாக்கி. ஞாயிற்றுக்கிழமை எலியாவையும் காகத்தையும் குறித்து அனல் பறக்கப் பிரசங்கித்தேன். ஜனங்கள் எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்கையில், நான் என்ன செய்தேன் தெரியுமா? காணிக்கைப் பை இந்த வாரம் கனமாக இருக்கிறதா என்று அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்! வீட்டுக்கு வந்தபோது என் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்: "காலையில் நீங்க வாசிச்சது பிரசங்கத்துக்கா, உங்களுக்கா?" கேட்டுவிட்டு அவள் சோறு போட்டாள். எனக்குத்தான் இறங்கவில்லை. அந்த வாரம் முழுவதும் நான் பிரசங்கத்துக்காக மட்டுமே வேதத்தைத் திறந்திருந்தேன். ஊருக்கெல்லாம் மன்னா பொறுக்கிக் கொடுத்துவிட்டு, தன் ஓமரை மறந்த ஊழியக்காரன்.

வாடகை எப்படிக் கட்டப்பட்டது என்று கேட்பீர்கள். பெரிய அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்காரர் பொறுத்துக்கொண்டார், கொஞ்சம் கொஞ்சமாய் ஏழு மாதத்தில் கட்டி முடித்தோம். அதையும் என் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

நோட்டு என்றதும் இதையும் சொல்லவேண்டும். ஒரு சாதாரண நோட்டு வாங்குங்கள். இடது பக்கம் தேதியும் விண்ணப்பமும், வலது பக்கம் பதில். ஆனால் வெறுமையாய் இருக்கிற வலது பக்கங்களைக் கிழித்துப் போடாதிருங்கள். முல்லர் 1844 நவம்பரில் ஐந்து பேருடைய இரட்சிப்புக்காக ஜெபிக்கத் தொடங்கினார். தினந்தோறும், வியாதியிலும், பிரயாணத்திலும் விடாமல். ஒன்றரை வருஷத்தில் ஒருவர் வந்தார். இன்னும் ஐந்து வருஷம் கழித்து இரண்டாமவர். அதற்கு மேல் ஆறு வருஷம் சென்று மூன்றாமவர். 36 வருஷம் ஆன பின்பும் இரண்டு பேர் மனந்திரும்பவில்லை என்று தம்முடைய பிரசங்கத்தில் சொல்லுகிறார். மறைக்கவில்லை. இன்னும் ஜெபிக்கிறேன், நம்பிக்கையோடு இருக்கிறேன் என்கிறார். இப்படி வெறும் பக்கத்தையும் ஜனங்களுக்குக் காட்டுகிற ஊழியக்காரரை நான் அதிகம் நம்புவேன். பதில் வந்த பக்கத்தை மாத்திரம் பத்திரிகையில் போடுகிற பழக்கம் நமக்கெல்லாம் இருக்கிறதே!

இந்த முல்லருக்கும் நம்முடைய தமிழ்நாட்டுக்கும் ஒரு உறவு உண்டு. அவருடைய மனைவி மேரி அம்மாளின் கூடப் பிறந்த அண்ணன் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், பல் வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு, முதலில் பாக்தாத்துக்கும் பின்பு 1833-ல் இந்தியாவுக்கும் வந்து, சென்னையிலும் சித்தூரிலும் ஊழியம் செய்தார். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்த நம்முடைய ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் அவரோடு சேர்ந்தார். அருளப்பன் வெள்ளைக்காரர் சங்கங்களின் சம்பளத்தை எதிர்பார்க்காமல், கர்த்தரை நம்பி 1842-ல் வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையில் குடியேறினார். அவருடைய ஊழியத்தில்தான் 1860-ல் அந்தப் பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. பாவ உணர்வும், அந்நிய பாஷையும், தீர்க்கதரிசனமும் விளங்கின. அசூசா தெரு எழுப்புதலுக்கு 46 வருஷம் முன்னதாகவே! ஆனால் கவனியுங்கள், 1842-க்கும் 1860-க்கும் இடையில் 18 வருஷம். அந்தப் பதினெட்டு வருஷத்துக் காலைகளைப் பற்றி நாம் யாரும் பேசுவதில்லை. அக்கினி விழுந்த நாளைத்தான் பேசுகிறோம்.

இனி, 'விசுவாசத்தில் குறை' என்று சொன்ன அந்தக் காரியம். யார் சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கவும் மாட்டேன். ஆனால் சபையாருக்குத் தகப்பன் ஸ்தானத்தில் நின்று கண்டிப்பாய்ச் சொல்லுகிறேன்: துக்க வீட்டில் போய் இந்த வார்த்தையைச் சொல்லாதிருங்கள். யோபுவின் சிநேகிதர் மூன்று பேரும் வந்து ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்தார்கள். அதுவரைக்கும் அவர்கள் நல்ல சிநேகிதர். வாயைத் திறந்தபோதுதான் கெட்டார்கள். கடைசியில் அந்தச் சிநேகிதருக்காக யோபுதான் ஜெபிக்க வேண்டியதாயிற்று!

தேவன் இன்றைக்கும் சுகமாக்குகிறவர். இதை நான் ஒரு எழுத்தும் குறைக்கவில்லை. நம் சபையிலேயே சுகம் பெற்றவர்கள் உண்டு. அடுத்த வியாதியஸ்தனுக்கும் நான் எண்ணெய் பூசித்தான் ஜெபிப்பேன். ஆனால் கெத்செமனேயில் நம்முடைய ஆண்டவர் மூன்று தரம் ஜெபித்தாரே, அந்தப் பாத்திரம் நீங்கவில்லையே. அவருடைய விசுவாசத்தில் குறை என்று சொல்ல யாருக்காவது துணிச்சல் உண்டா? பவுல் அப்போஸ்தலன் முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் எடுக்கப்படவில்லை, கிருபை கொடுக்கப்பட்டது.

முல்லருக்கும் அந்த நாள் வந்தது. 1870 பிப்ரவரி மாதம் 6-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மேரி அம்மாள் மூட்டுவாதக் காய்ச்சலினால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். 39 வருஷம் கூட வாழ்ந்த மனைவி. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஆகாரத்தை ஜெபித்துப் பெற்ற மனுஷன் தன் மனைவியின் ஜீவனுக்காக ஜெபிக்காமலா இருந்திருப்பார்? அவர் அந்த அம்மாளுக்குக் கடைசியாக வாசித்துக் காட்டின வேதபகுதியில் 84-ம் சங்கீதம் 11-ம் வசனம் இருந்தது. உத்தமமாய் நடக்கிறவர்களுக்குக் கர்த்தர் நன்மையை மறுக்கமாட்டார் என்கிற பொருளுள்ள வசனம். அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார்? இவள் எழும்புவது எனக்கு மெய்யாகவே நன்மையானால் எழுப்புவார், எழுப்பாவிட்டால் அது எனக்கு நன்மையல்ல என்று எடுத்துக்கொண்டார். அடக்க ஆராதனைப் பிரசங்கத்தையும் அவரே செய்தார். 119-ம் சங்கீதம் 68-ம் வசனத்தை வைத்து, இவளை எனக்குக் கொடுத்ததிலும் கர்த்தர் நல்லவர், இத்தனை காலம் விட்டு வைத்ததிலும் நல்லவர், எடுத்துக்கொண்டதிலும் நல்லவர் என்று பேசினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அநாதைப் பிள்ளைகள் பின்னே நடந்து போனார்கள்.

இதை அப்படியே அந்தத் தாயாரிடம் போய்ச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது முல்லருடைய ஓமர். அவர் அதைக் கடையில் வாங்கவில்லை, அன்றைக்குத் திடீரென்று வரவழைக்கவும் இல்லை. 1841-லிருந்து பார்த்தாலும் முப்பது வருஷம் அவர் ஒவ்வொரு காலையும் குனிந்து பொறுக்கினவர். மற்றவன் பாத்திரத்தை இன்னொருவர் வாயில் திணிக்கக் கூடாது.

ஆகவே போன வாரம் நானும் என் மனைவியும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். காபி கொடுத்தார்கள். ஜெபிப்போமா என்று நான் உடனே கேட்கவில்லை. "அம்மா, ஐயாவுடைய வேதப்புத்தகம் எங்கே?" என்றேன். அலமாரியிலிருந்து எடுத்து வந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபடியே இருந்தது. உள்ளே அவருடைய மூக்குக் கண்ணாடி. அடையாளத்துக்கு அதைத்தான் வைப்பாராம்.

திறந்து பார்த்தால் எண்ணாகமம் 7-ம் அதிகாரம். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், ஒளிக்காமல் சொல்லுகிறேன். ஏதாவது ஒரு ஆறுதலான சங்கீதமாய் இருந்திருக்கக் கூடாதா! அது பன்னிரண்டு பிரபுக்கள் பலிபீடப் பிரதிஷ்டைக்குக் காணிக்கை கொண்டுவந்த அதிகாரம். 89 வசனம். நம்மில் பலர் தாண்டிப்போகிற இடம். முதல் நாள் யூதா கோத்திரத்து நகசோன் வருகிறான். 130 சேக்கல் வெள்ளித்தாலம், 70 சேக்கல் வெள்ளிக்கலம், 10 சேக்கல் பொன் தூபகரண்டி, பிறகு காளை, ஆட்டுக்கடா, ஆட்டுக்குட்டி. இரண்டாம் நாள் இசக்கார் கோத்திரத்து நெதனெயேல். அதே தாலம், அதே கலம், அதே கரண்டி. மூன்றாம் நாள் செபுலோன் கோத்திரத்து எலியாப். அதேதான். பன்னிரண்டு நாளும் ஒரு மாற்றமும் இல்லை.

அந்தத் தாயார் முதல் நாளை வாசித்தார்கள். இரண்டாம் நாளையும் வாசித்தார்கள். அப்புறம் நிறுத்திவிட்டு, "ஏன் ஐயா, எல்லாம் ஒண்ணுபோலத்தானே இருக்கு. 'மேற்படி'ன்னு போட்டிருக்கலாமே?" என்று கேட்டார்கள். அந்த வீட்டில் மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு சிரிப்பு. பத்திர ஆபீசில் வேலை பார்த்தவருடைய மனைவி அல்லவா, 'மேற்படி' அவர்களுக்கு நன்றாய்த் தெரியும்!

என் மனைவிதான் பதில் சொன்னாள். "அக்கா, நமக்குத்தான் ஒண்ணுபோல இருக்கு. ஆண்டவர் ஒவ்வொரு நாளையும் தனியா, முழுசா, பேரோட எழுதி வச்சிருக்கார் பாருங்க."

அந்தத் தாயார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்கள். மூன்றாம் நாளின் மேல், எலியாப் என்கிற பெயர் இருக்கிற இடத்தில், திரும்ப வைத்து மூடினார்கள். "இன்னிக்கு இது போதும் ஐயா. நாளைக்குக் காலையில இதுலேருந்து வாசிக்கிறேன்" என்றார்கள்.

நாங்கள் முழங்காற்படியிட்டோம். அன்றைக்கு நான் சத்தமாய் ஜெபிக்கவில்லை.

அவர்களை உங்கள் காலை ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் நான் எழுதவில்லை, கர்த்தருக்குத் தெரியும். இந்த மாதம் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வருகிறவர்கள் தங்கள் நோட்டையும் கொண்டுவாருங்கள். வெறும் பக்கங்களோடு.